மய்யழி வண்டி

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் அரும்பார்த்தபுரம் பக்கம் ரயில் ஊதுவது கேட்கும். அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் இருக்கிறார், மய்யழி என்கிற மாஹேக்காரர். மாஹே வழியாக மங்களூர் போகும் வண்டி கிளம்பும் மாலைகளில் அந்த ஊதலுக்குக் காது கொடுப்பார். "எங்க ஊரு வண்டி, தம்பி. நான் வேலைக்கு வந்தப்போ இதெல்லாம் ஏது? விழுப்புரத்துல இறங்கி மாறணும், அப்புறம் மறுபடி மாறணும்."

புதுச்சேரியும் மாஹேயும் ஒரே அரசின் கீழ் இருக்கும் ஊர்கள். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. இருந்தும் ஒரு நேர் வண்டிக்கு ஏன் இத்தனை காலம்?

எல்லைதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். பிரெஞ்சு மண்ணுக்கும் பிரிட்டிஷ் மண்ணுக்கும் நடுவே சுங்கச் சாவடி இருந்த காலம் ஒன்று உண்டு. ஆனால் மாஹே 1954 ஜூலை 16 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டது. புதுச்சேரி அதே ஆண்டு நவம்பர் 1-இல் இந்தியாவோடு சேர்ந்தது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நேர் வண்டி இல்லை. என் ஊகம் உடைந்தது.

ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்கார்ந்து பழைய ரயில் வரலாறுகளைப் புரட்டியபோது விடை ஆண்டுகளில் இல்லை, அளவில் இருந்தது. விழுப்புரம்–புதுச்சேரிப் பாதை 1879-இல் மீட்டர் கேஜில் போடப்பட்டது. மாஹே இருக்கும் மலபாரிலோ 1861-இல் திரூர்–பேப்பூர் பாதை வந்தபோதே அகலப் பாதை. அதுதான் 1888-இல் கோழிக்கோட்டைத் தொட்டு, 1901 முதல் வடக்கே நீண்டு, 1907-இல் மங்களூரை எட்டியது. இங்கே தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர், அங்கே 1,676. அந்த ஒன்றரை முழ வித்தியாசத்துக்குள்தான் எங்கள் பக்கத்துத் தெருக்காரரின் இளமை முழுக்க வண்டி மாறி மாறிக் கழிந்திருக்கிறது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் புதுச்சேரிப் பாதை அகலமான பிறகே இந்த வண்டிக்கு வழி பிறந்தது.

படித்தது போதாமல் ஒரு மாலை ஏறிவிட்டேன்.

கோவை தாண்டி, வாளையாறு காட்டில் வண்டி ஊர்ந்தது. இருட்டில் யானைகள் தண்டவாளம் கடக்கும் இடம். அதற்காகவே இரவில் வேகத்தைக் குறைக்கிறார்கள். ஜன்னலில் முகம் பதித்து நெடுநேரம் பார்த்தேன். கறுப்பு மரங்கள், ஈர மண் வாசனை, வேறொன்றுமில்லை. அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

விடியும்போது கோழிக்கோடு போயிருந்தது. கோரப்புழைப் பாலம், கொயிலாண்டி, பய்யோளி, மூராட்டில் இன்னொரு ஆறு. காயலோரம் வலை உலர்த்துபவர்கள், ஓட்டு வீடுகள், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள். தென்னைகள் விலகும் இடங்களில் மேற்கே கடல். நான் கிழக்குக் கடலில் சூரியன் உதிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். முதுகுப் பக்கம் வெளிச்சம் வர, எதிரே கடல் இன்னும் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

மாஹே நிலையத்தில் இறங்கினேன். மஞ்சள் பலகையில் மாஹே. நிலையம் நிற்பதோ அழியூரில், கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில். பக்கத்துத் தெருக்காரர் கிளம்பும்முன் சொல்லியிருந்தார், நான் நம்பவில்லை: "ஸ்டேஷன் எங்க ஊர்ல இல்ல தம்பி, கொஞ்சம் நடக்கணும்." வெளியே நின்ற ஆட்டோக்களில் கேரள எண்கள். நடந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு ஸ்கூட்டர் கடந்து போனது. அதன் எண்பலகையில் பிஒய் 03. என் வீட்டு வண்டியில் இருப்பது பிஒய் 01.