கூரையில் தண்ணீர் பிடிக்கும் தீவு

கரீபியன் கடலில் பாய்மரப் படகையே வீடாக்கிச் சுற்றுகிறவர்கள் நீண்ட காலம் நம்பிய துறை டிரெல் விரிகுடா. கிரெனடா நாட்டைச் சேர்ந்த கேரியாக்கூ தீவின் தென்மேற்கு மூலையில், கொண்டல் காற்றுக்கு மறைவாக இருக்கிறது. அடியில் மணல் என்பதால் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். கரையில் ஹார்வி வேல் என்ற சிற்றூர். விரிகுடாவின் வடபக்கம் அலையாத்திக் காட்டுக்குள் ஒரு கழி வளைந்து போகிறது. அது பாதுகாக்கப்பட்ட பகுதி. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டுமே படகுகள் உள்ளே போகலாம். நாலாபுறமும் மரங்களில் வடம் கட்டிவிட்டுக் கரையேறிவிடலாம் என்பது வழிவழியாக வந்த நம்பிக்கை.

2024 ஜூலை 1 முற்பகலில் பெரில் புயலின் கண் நேராக இந்தத் தீவின் மேல் கடந்தது. நான்காம் வகைப் புயல். காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர். கழிக்குள் தஞ்சம் புகுந்த படகுகளில் பல கவிழ்ந்தன, பல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நொறுங்கின. கரையில் நின்ற வீடுகளில் பெரும்பாலானவை கூரையை இழந்தன. தீவின் ஒரே மருத்துவமனையான பிரின்சஸ் ராயலும் தப்பவில்லை.

அத்தனை படகுகள் அங்கே கூடியதற்குக் காரணம் உண்டு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். அப்போது வடக்குத் தீவுகளிலிருந்து படகுகள் தெற்கே இறங்கிவிடும். கிரெனடா புயல் பட்டைக்கு வெளியே இருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனங்களும் படகோட்டிகளும் கணக்குப் போட்டிருந்தார்கள். 2004இல் ஐவன் புயல் கிரெனடாவின் பெரிய தீவைச் சூறையாடியபோதே அந்தக் கணக்கு உடைந்தது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. பெரில் இன்னொன்றையும் உடைத்தது. பருவத்தின் தொடக்கத்தில் இவ்வளவு பெரிய புயல் வராது என்பதுதான் அனுபவம் சொன்ன பாடம். கடல் அந்த ஜூனிலேயே செப்டம்பரைப் போலச் சூடேறியிருந்தது. பதிவேடுகளில் ஜூன் மாதத்தில் நான்காம் வகையை எட்டிய முதல் அட்லாண்டிக் புயல் பெரில்தான். தீவைக் கடந்த பிறகு ஐந்தாம் வகையாகவும் வலுத்தது.

தீவு சிறியது, சுமார் 34 சதுர கிலோமீட்டர். வற்றாமல் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழை கூரையில் விழுந்து, விளிம்பில் பதித்த தகடு வழியாக ஓடி, வீட்டை ஒட்டிய தொட்டியில் சேர வேண்டும். குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் வீடுகள் நம்பியிருப்பது பெரும்பாலும் அந்தத் தொட்டியைத்தான். ஜனவரி முதல் மே வரை வறட்சி. அது முடிந்து தொட்டிகள் நிரம்பத் தொடங்கும் வேளையில் புயல் வந்தது. வேறு ஊரில் கூரை போனால் மனிதர் நனைவார். இங்கே கூரையோடு வரப்போகும் மாதங்களின் தண்ணீரும் போய்விட்டது. இந்தத் தீவின் சேதத்தை எண்ணிக்கையால் சொல்லும் செய்திகள் இதைப் பெரும்பாலும் தவறவிட்டன.

கழியின் மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிச்சாவரத்துச் சுரபுன்னையின் இனத்தைச் சேர்ந்த சிவப்பு அலையாத்திதான் இந்தக் கரைகளில் நீர்விளிம்பில் நிற்பது. இலையும் கிளையும் முற்றாகப் பறிபோனால் அடிமரத்திலிருந்து துளிர்க்கும் ஆற்றல் இதற்குக் கிடையாது, மரம் பட்டுப்போகும். தாய்மரத்திலேயே முளைத்து நீரில் விழும் நாற்றுகள் வேர்பிடித்து வளர்ந்தால்தான் காடு திரும்பும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே உடைந்த படகுகளை அகற்றும் வேலையைக்கூட இளங்கன்றுகளை மிதிக்காமல் செய்தாக வேண்டும்.

கிழக்குக் கரையில் இருக்கும் விண்ட்வர்ட் சிற்றூருக்குப் போகாமல் இந்தத் தீவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஸ்காட்லாந்து ஓடாவிகளின் வழியில், வரைபடம் இல்லாமல் கண்ணளவிலேயே கடற்கரையில் படகு கட்டும் ஊர் அது. வளைந்த வெள்ளை சீடர் மரத்தில் வங்குகளை அமைக்கிறார்கள். படகைக் கடலில் இறக்கும் நாளில் ஊரே கூடும். பாதிரியார் ஆசி வழங்குவார், ரம் தெளிப்பார்கள், ஆட்டை அறுத்துச் சமைப்பார்கள். முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக வெட்டிப் படகைப் பக்கவாட்டில் சாய்த்து, உருளைகளின் மேல் எல்லோரும் சேர்ந்து நீருக்கு இழுப்பார்கள். இந்தப் படகுக் கலை 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மறு ஆண்டே புயல்.

வெளியிலிருந்து வரும் படகோட்டிக்கும் இந்தத் தீவுக்கும் பழைய உறவு உண்டு. இங்கு நடக்கும் ஆகஸ்ட் படகுப் பந்தயத்தை 1965இல் தொடங்கிவைத்த லின்டன் ரிக், கடல்வழி வந்து தீவிலேயே தங்கிவிட்டவர். படகு கட்டும் தொழில் நசிந்துவிடக் கூடாதென்பதே அவர் கவலை. அதனால்தான் ‘சேதமடைந்த துறை’ என்று வரைபடத்தில் குறித்துவிட்டுக் கடந்து போவது சரியல்ல என்று நினைக்கிறேன். வருகிறவர் தண்ணீர்த் தொட்டியைப் பெரிய தீவிலேயே நிரப்பிக்கொண்டு வரட்டும். இங்கே கேட்க வேண்டாம். மணல் தரையில் நங்கூரம் போடட்டும், மூழ்கிக் கிடக்கக்கூடிய உடைசல்களுக்காகப் பகல் வெளிச்சத்தில் மட்டும் உள்ளே நுழையட்டும். மீனையும் காய்கறியையும் ஹார்வி வேலிலும் தீவின் நகரமான ஹில்ஸ்பரோவிலும் வாங்கட்டும். படகில் பலகை மாற்ற வேண்டுமென்றால் அடுத்த நாட்டுக்குப் போகும்வரை பொறுத்திருக்காமல் விண்ட்வர்ட் ஓடாவியைக் கூப்பிட்டு, உரிய கூலியைக் கொடுக்கட்டும்.