36 விநாடியில் ஒரு டீச்சர்

2012 ஜூலை. தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு. 150 கேள்வி, 90 நிமிஷம். கேள்விக்கு 36 விநாடி! ஆறு லட்சத்துக்கும் மேல எழுதினாங்க. தேறினது 2,448 பேர். "வாத்தியாருங்களுக்கே கணக்கு வரலை"ன்னு ஊரே சிரிச்சுது.

கள்ளிக்குப்பத்துல எங்க வீட்டு மாடியில இருந்த பெரியம்மா பொண்ணும் அந்தக் கூட்டத்துல ஒருத்தர். நான் அப்ப ஸ்கூல் பையன். கணக்குல நான் வேகம், அக்கா நிதானம். ஒன்றே முக்காலை அரையால வகுக்கணும்னா, நான் தலைகீழாப் போட்டுப் பெருக்கி மூன்றரைன்னு முடிச்சிடுவேன். அக்கா, "ஒன்றே முக்கா லிட்டர் பாலு, அரை லிட்டர் பாக்கெட்ல எத்தனைடா வரும்?"னு கட்டம் போட ஆரம்பிப்பாங்க. மூணு பாக்கெட், அப்புறம் பாதி பாக்கெட். அதே மூன்றரைதான். ஆனா ஏன் மூன்றரைன்னு எனக்குப் புரிஞ்சது அந்தக் கட்டத்தைப் பார்த்தப்பதான்.

ஜெரோம் ககன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர். 1960கள்லயே இதைப் பிரிச்சுப் பார்த்தவர். சிலர் சட்டுன்னு பதில் சொல்லுவாங்க, சிலர் எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு மெதுவாச் சொல்லுவாங்க. இது யோசிக்கிற பாணி. அறிவோட அளவு இல்லை. 36 விநாடிக் கடிகாரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

ரிசல்ட் வந்த அன்னிக்கு அக்கா சாப்பிடலை. அம்பத்தூர் எஸ்டேட்ல எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைக்குப் போறேன்னுட்டாங்க. பெரியம்மாவும் சரின்னுட்டாங்க. நல்லவேளை, அக்டோபர்ல மறுதேர்வு வந்துச்சு. இந்த முறை 3 மணி நேரம். சுமார் 19,000 பேர் தேறினாங்க, அக்காவும்தான். மறுபடி படிச்சதும் ஒரு காரணமா இருக்கலாம், நேரம் மட்டும்தான்னு நான் சாதிக்கலை. ஆனா அக்கா கையில அந்த மூணு மாசத்துல புதுசா மூளை ஒண்ணும் முளைக்கலையே :-)

இன்னிக்கு என் வேலை கோடு எழுதறது. அதுல வேகத்துக்கு மதிப்பு உண்டு. நாலாங்கிளாஸ் பையன் "ஏன் மிஸ்?"னு கேட்டா அந்த வேகம் உதவாது. நின்னு கட்டம் போடற ஆளு வேணும். அப்படிப்பட்டவங்களை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டு, பசங்களுக்குக் கணக்கு வரலையேன்னு அப்புறம் புலம்பி என்ன பிரயோஜனம்?

உங்க கணக்கு டீச்சர் எந்த ரகம்? சொல்லிட்டுப் போங்க மக்களே.