காந்தி பஜாரில் ஒரு புதுக் குடித்தனம்

விடியற்காலை ஐந்தரைக்குள் எங்கள் தெருவுக்குப் பால் வந்துவிடும். பெங்களூர் பசவனகுடியில் அந்தப் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. கேட்டில் துணிப்பை தொங்கும். பையன் நந்தினி பாக்கெட்டுகளை அதில் போட்டுவிட்டு, சைக்கிளிலிருந்து இறங்காமலே அடுத்த வீட்டுக்குப் போவான். எதிர்க் கட்டடத்தில் ஆறு குடித்தனம். தொங்குகிற பைகள் ஐந்து. மூன்றாவது மாடி இடதுபக்க வீட்டுக்குப் பை கிடையாது.

ஆடியில் இந்த ஊரிலும் வீடு மாறத் தயங்குவார்கள். அவள் ஆடியில்தான் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். சின்ன டெம்போவில் சாமான் வந்தது. கட்டில் பீரோவைவிடப் பாத்திரப் பெட்டிகள்தான் அதிகம். ஒரு கல்லுரல், இரண்டு மண்சட்டி, செய்தித்தாள் சுற்றிய பீங்கான் தட்டுகள். ஸ்கூட்டரின் நம்பர் ஜிஜே என்று தொடங்கியது. குஜராத். 1946-ல் ஆனந்தில் அமுல் கூட்டுறவு தொடங்கிய மாநிலம். மோரில்லாமல் மத்தியானச் சாப்பாடு முடியாத வீடுகள் நிறைந்த மாநிலம். அங்கிருந்து, பால் வாங்காத ஒரு பெண்.

பதினோரு மணிவாக்கில் மொட்டைமாடிக்கு வருவாள். தட்டை ஒரு பழைய பலகைமேல் வைப்பாள். ஒரு பக்கம் வெயில் விழும். மறுபக்கம் வெள்ளைத் தெர்மோகோலைச் சாய்த்து வைத்து நிழலை வெளுக்கச் செய்வாள். ஸ்டூல்மேல் ஏறிப் படம் எடுப்பாள். எடுத்து முடித்ததும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, தட்டில் இருப்பதை மிச்சமில்லாமல் சாப்பிடுவாள். அது எனக்குப் பிடித்திருந்தது. பசிக்குச் சமைத்ததைத்தான் அவள் படம் எடுக்கிறாள்.

மருமகள்தான் விவரம் சொன்னாள். "அத்தை, அந்தப் பொண்ணு வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் தொடமாட்டா. அந்தச் சமையலைப் பத்தி இன்டர்நெட்ல எழுதறா. நெறைய பேர் படிக்கறாங்க."

நான் அவளோடு பேசியதில்லை. முதல் மாடி வராந்தாவில் உட்கார்ந்து காய் நறுக்குகிறவள் நான். கடைத்தெருவில் சில சமயம் அவள் பக்கத்தில் நிற்க நேர்ந்திருக்கிறது. பார்த்ததை எழுதுகிறேன்.

முதல் வாரங்கள் அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தன. டி.வி.ஜி. ரோட்டில் நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஒன்று. நான் டோக்கன் வாங்கி ஓரமாக நின்றிருந்தேன். அவள் கல்லாவில் இந்தியில் கேட்டாள்: இதில் நெய் உண்டா, அதில் தயிர் உண்டா, தோசைக்கு வெண்ணெய் போடுவீர்களா? கல்லாக்காரர் பெருமையாகச் சொன்னார்: "ப்யூர் வெஜ், மேடம்." அவள் மறுபடி கேட்டாள். அவர் சற்று யோசித்தார். பேச்சைக் கேட்டு ஊரைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். "ஜெயின்?" என்றார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். பின்னால் வரிசை நீண்டது. ஒன்றும் வாங்காமல் நகர்ந்து போனாள்.

கல்லாக்காரர் மேல் குற்றமில்லை. நம் நாட்டில் சைவம் என்றால் பாலும் அதில் சேர்த்தி. பாக்கெட்டுகளில் அச்சாகும் பச்சைப் புள்ளியும் அப்படித்தான். பால் கலந்தாலும் பச்சைதான். ஜெயின் சாப்பாட்டில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இருக்காது, நெய் இருக்கும். இந்த இரண்டுக்குள்ளும் அவள் அடங்கவில்லை. 2022-ல்தான் வீகன் உணவுக்கென்று தனி விதிமுறை வந்தது. அதற்குப் பச்சை நிறத்தில் ஆங்கில வி எழுத்தும் ஒரு இலையும் சேர்ந்த முத்திரை. எங்கள் தெரு மளிகைக்கடையில் அந்த முத்திரையை நான் அதிகம் பார்த்ததில்லை. அவளும் அதை நம்பி வாங்குவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தை விரலால் தடவிப் படித்து, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள்.

இந்த ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பண்டங்களைப் பாருங்கள். 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆர்., இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் ரவா இட்லியை உண்டாக்கியதாகச் சொல்வார்கள்; அந்த மாவில் தயிர். பிஸிபேளே பாத்தின்மேல் நெய். கேசரி பாத்தில் கேட்கவே வேண்டாம். பெண்ணெ தோசைக்குப் பெயரிலேயே வெண்ணெய். தொட்ட கணபதி கோயிலில் சாமிக்கே வெண்ணெய்க் காப்புத்தான் விசேஷம். புதிதாக வந்தவளுக்கு ஊரே வெண்ணெயில் மூழ்கி இருப்பதாகத் தோன்றியிருக்கும்.

ஆவணி முடிவதற்குள் அவள் தேறிவிட்டாள். அதே தர்ஷினியில் அவள் குரல் கேட்டுத் திரும்பினேன். "துப்ப ஹாக்பேடி, பெண்ணெ ஹாக்பேடி." நெய் விடாதீர்கள், வெண்ணெய் போடாதீர்கள். உச்சரிப்பு குஜராத்தி, மரியாதை கன்னடம். சட்னிப் பாத்திரத்தைக் காட்டி, "மொசரு இதெயா?" என்று தயிரையும் விசாரித்தாள். இட்லி, உளுந்துவடை, தேங்காய்ச் சட்னி, பிறகு டிகாக்ஷனில் வெந்நீர் விட்ட வரக்காப்பி. கல்லாக்காரர் இப்போது அவளைக் கண்டதும் உள்ளே குரல் கொடுத்துவிடுகிறார்.

ஆனால் ஊர் அவளுக்கு உண்மையாகத் திறந்த இடம் ஓட்டல் அல்ல, காந்தி பஜார் நடைபாதை.

அங்கே கோணிவிரித்துக் கீரை விற்கும் அம்மாளிடம் நான் பல வருஷமாக வாங்குகிறேன். ஓசூர்ப் பக்கத்துக்காரர். என்னிடம் தமிழ், மற்றவர்களிடம் கன்னடம். அவருடைய கோணியில் தண்டுக்கீரை, வெந்தயக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, கன்னடக்காரர்கள் சப்பசிகே என்று வாங்கும் சதகுப்பைக் கீரை எல்லாம் இருக்கும். ஓரத்தில், வயல் வரப்பில் கிடைத்ததையெல்லாம் கலந்து கட்டிய பெரகே சொப்பு. இந்தக் கடைசிக் கட்டைத்தான் பெண் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். என்ன செய்வது என்று சைகையில் கேட்டாள்.

அம்மாள் கூடையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். நானும் புளிக்குப் பேரம் பேசுகிற சாக்கில் நின்று கேட்டேன். கீரையையும் பருப்பையும் ஒன்றாக வேகவிட வேண்டும். வடித்த நீரைக் கொட்டக் கூடாது. சுட்ட வெங்காயம், பூண்டு, தேங்காய், மிளகாய், புளி அரைத்து அந்த நீரில் விட்டுக் கொதிக்கவைத்தால் அது பஸ்ஸாரு. மேலே தங்கிய கீரையையும் பருப்பையும் தாளித்தால் பல்யா. ஒரே உலையில் குழம்பும் பொரியலும். பக்கத்தில் ராகி முத்தே, அதாவது நம் கேழ்வரகுக் களி. பெண் நோட்டில் குஜராத்தி எழுத்தில் எழுதிக்கொண்டாள். கடைசியில் ஹாலு, பால், எங்கே சேர்ப்பது என்றும் கேட்டாள். எல்லா இடத்திலும் அதைக் கேட்டுப் பழகிவிட்டாள் போலும். அம்மாள் சொன்னார்: "இதக்கெ ஹாலு யாக்கம்மா?" இதற்கு எதற்கம்மா பால்?

அந்தப் பெண் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அவ்வளவு நாளும் ஒவ்வொரு பண்டத்திலிருந்தும் எதையாவது எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, எதையும் எடுக்க வேண்டாத ஒரு சாப்பாடு கிடைத்துவிட்டது.

மண்டியா, ராமநகரம், கோலார்ப் பக்கத்து உழவர் வீடுகளின் சாப்பாடு இது. கறந்த பால் சொசைட்டிக்குப் போனது. வீட்டில் தங்கியது கீரையும் களியும். அந்த இல்லாமையில் பிறந்த சமையலுக்கு ஓட்டல் பலகையில் இடம் கிடைக்கவே வெகுகாலம் ஆயிற்று. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. நாட்டிலேயே அதிகம் கேழ்வரகு விளைவது கர்நாடகத்தில். பால் வேண்டாம் என்று ஒருத்தி தானே முடிவெடுத்து வரும்போது, பால் கிடைக்காதவர்கள் கண்டுபிடித்து வைத்த உணவு அவளுக்குக் கை கொடுக்கிறது. அந்த மக்களுக்கு நாம் இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் பாலை விட்டவளில்லை. ஆனாலும் அவளை விநோதமாகப் பார்க்க என்னால் முடியாது. எங்கள் வீட்டில் மாடு இருந்தது. மடி சுரக்கும்வரை கன்றை விட்டு, சுரந்ததும் இழுத்துக் கட்டுவார்கள். கிடாரி என்றால் வீட்டில் தங்கும், காளைக்கன்று என்றால் யாராவது பிடித்துக்கொண்டு போவார்கள். அன்று இரவெல்லாம் தாய் கத்தும். அதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் இந்தப் பெண்ணின் தீர்மானத்தைக் கேலி செய்யக் கூடாது.

அவள் உடம்பையும் கவனித்துக்கொள்கிறாள். மருந்துக்கடையில் நான் பிரஷர் மாத்திரைக்கு நிற்கும்போது அவள் பி12 மாத்திரை வாங்கினாள். செடி கொடிகளிலிருந்து அந்தச் சத்தை நம்பி எடுக்க முடியாது. வீகன்கள் மாத்திரையாகவோ, அது சேர்த்த உணவாகவோதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதுகிறவள் இதையும் எழுதுகிறாள் என்று மருமகள் சொன்னாள். நல்ல விஷயம்.

கன்னடக் கணக்கில் கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று புல் டெம்பிள் ரோடு முழுக்கக் கடலைக்காய்ப் பரிஷெ, அதாவது கடலைத் திருவிழா. விளைந்த முதல் கடலையைக் கோயில் நந்தியான பசவண்ணனுக்குப் படைப்பதாக இந்தப் பக்கத்து உழவர்கள் நேர்ந்துகொண்டதாக வழக்கு. சாலை இருபுறமும் கடலைக் குவியல், வறுக்கிற வாசம், நடக்க இடமில்லாத கூட்டம். தோளில் ஒரு பை, ஸ்கூட்டர் காலடியில் ஒரு மூட்டை என்று அவள் வீடு திரும்பியதைப் பார்த்தேன். அடுத்த நாட்களில் மொட்டைமாடிக் கொடியில் பால் வடிகட்டிய துணிகள் காய்ந்தன. கடலைப்பாலில் பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டு இரவு வைத்தால் தயிராக உறையும் என்று எழுதியிருந்தாளாம். மருமகள் செய்து பார்த்தாள். உறைந்தது, புளித்தது, கடலை வாசம் மட்டும் போகவில்லை. சாதத்தில் பிசைய எனக்குப் பிடிக்கவில்லை. மோர்க்குழம்புக்குத் தாராளமாக ஆகும்.

மார்கழி பிறந்தது. மாகடிப் பக்கமிருந்து அவரைக்காய் வந்திறங்கியது. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். பனி விழுந்தால்தான் அந்தக் காயில் சொகடு ஏறும். தோலில் பிசுக்கென்று கையில் ஒட்டும் ஒரு எண்ணெய் வாசம் அது. பசவனகுடி வாசல்களில் சாயங்காலம் மூன்று தலைமுறை உட்கார்ந்து காய் உரிக்கும். கொட்டையை இரவு ஊறவைத்துக் காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலெடுத்துச் சாறு வைப்பார்கள். உப்புமாவில் அவரை, அக்கி ரொட்டியில் அவரை, தோசையில்கூட அவரை. நம் பக்கத்துப் பொங்கல் குழம்பில் விழும் மொச்சையும் இதே இனம்தான்.

கீரைக்கார அம்மாள் பக்கத்தில் அவரைக்காய்க் குவியல். அந்தப் பெண் கடந்து போனவள் நின்றாள். குனிந்து ஒரு காயைக் கிள்ளினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தாள். பிறகு அம்மாளிடம் வேகவேகமாக ஏதோ சொன்னாள், பாதி கன்னடம், பாதி குஜராத்தி. சூரத்தில் பாப்டி என்று குளிர்காலத்தில் வரும் காய் இதன் உடன்பிறப்பு. அது இல்லாமல் ஊந்தியு இல்லை. ஜனவரி 14 உத்தராயணத்துக்கு மொட்டைமாடியில் பட்டம் விட்டுக்கொண்டே குஜராத்திகள் சாப்பிடும் கூட்டு அது.

சங்கராந்தியன்று எதிர்க் கட்டடத்திலிருந்து ஓமமும் பச்சைப்பூண்டும் கடலையெண்ணெயும் சேர்ந்த வாசம் தெருவைக் கடந்து வந்தது. ராசவள்ளிக் கிழங்கு, குட்டிக் கத்தரிக்காய், வெந்தயக்கீரை உருண்டை, பாப்டிக்குப் பதில் மாகடி அவரை. கீழ்வீட்டுக் கன்னடக்கார மாமி எள்ளு, வெல்லம், கொப்பரை, கடலை, பொட்டுக்கடலை கலந்த எள்ளுபெல்லத்தை அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிலும் பால் சம்பந்தமில்லை. எதுவும் கேட்காமல் அப்போதே வாயில் போட்டுக்கொண்டாள். அவள் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு காந்தி பஜாருக்கு நடந்தாள்.

மறுநாள் கீரை வாங்கப் போனபோது அம்மாள் தானாகவே சொன்னார்: "அந்தப் பொண்ணு கொழம்பு கொண்டாந்துச்சும்மா. எண்ணெ கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா நம்ம அவரெக்காயிதான், அப்படியே தெரியுது."

புது ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கும், பாலை விட்டவர்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தால் என்ன காட்டுவது என்று முழிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டல் பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், முதலில் கீரைக்காரர் உட்காரும் இடத்தைக் காட்டுங்கள். பெங்களூருக்கு வருவதானால் தை முடிவதற்குள் வாருங்கள், மாசி வெயில் ஏறினால் அவரையில் சொகடு இருக்காது.