வாப்பாவின் மோட்டாரும் மருமகனின் அவசரமும்

பழைய வெளியிணைப்பு மோட்டாரின் வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று எங்கள் கிண்ணியாத் துறையடியில் யாரிடம் கேட்டாலும் இரண்டு ஆலோசனைகள் உடனே கிடைக்கும். சிலிண்டர் தலையைத் தேய்த்து அமுக்கத்தைக் கூட்டு என்பார்கள். இல்லையேல் பெரிய காபரேட்டரைப் பூட்டு என்பார்கள். எஞ்சின் இப்போது தருகின்ற வலுவில் எவ்வளவு தண்ணீரைச் சென்றடைகிறது என்று முதலில் பார்ப்போம் எனச் சொல்பவர்கள் மிகக் குறைவு. என் மருமகனும் நானும் சில மாதங்கள் இதைக் குறித்தே வாதாடினோம். அந்த வாதத்திலிருந்து கற்றவை, வீட்டில் பழைய மோட்டார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வாப்பா விட்டுச்சென்றது 1970களின் நடுப்பகுதியில் வெளிவந்த ஜோன்சன் 9.9. பத்தும் இல்லாமல் ஒன்பதும் இல்லாமல் அதென்ன கணக்கு என்று பலர் கேட்டதுண்டு. அமெரிக்காவில் 10 குதிரைவலுவுக்கு மேற்பட்ட மோட்டார்களை அனுமதிக்காத ஏரிகள் பல. அந்த எல்லைக்குள் அடங்குவதற்காகவே 1974இல் இந்த எண்ணுடன் சந்தைக்கு விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே காலத்து 15 குதிரைவலு மோட்டாரின் உடலும் இதன் உடலும் ஒன்றேதான். இரண்டு சிலிண்டர்கள், இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 216 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு, இரண்டடிப்பு எஞ்சின். வேறுபாட்டின் பெரும்பகுதி காபரேட்டரில் இருக்கிறது. 9.9க்குச் சிறிய வாய். 15க்குப் பெரிய வாய்.

வாப்பா வபாத்தான பிறகு அந்த மோட்டார் பதினொரு ஆண்டுகள் சாக்கு போர்த்தியபடி கொட்டிலில் கிடந்தது. பிள்ளைகள் நாங்கள் அனைவரும் மனமொத்து அதனை ராத்தாவுக்கு விட்டுக்கொடுத்தோம். மச்சான் இறந்த பின் அவருடைய மகனின் கடல் உழைப்பில்தான் அந்தக் குடும்பம் நடக்கிறது. கண்ணாடியிழைப் படகு ஒன்று அவனிடம் இருந்தது. மோட்டாரை வாடகைக்கு எடுத்து ஓடிக்கொண்டிருந்தான். வாப்பாவின் மோட்டார் கைக்கு வந்த அன்றே என்னைத் தேடி வந்துவிட்டான்.

"மாமா, பதினைஞ்சு குதிரையிட காபரேட்டர் ஒண்டு எடுத்து வெச்சிருக்கன். அதப் பூட்டினாப் போதும். கடைசியாக் கரைக்கு வாற வள்ளம் நம்மடதா இருக்காது."

அவனுடைய அவசரத்தில் நியாயம் இருந்தது. முதலில் கரை சேரும் மீனுக்குக் கிடைக்கும் விலை வேறு. வெயில் ஏறிய பின் வந்துசேரும் மீனுக்குக் கிடைக்கும் விலை வேறு. ஆனால் ராத்தா வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "குடாவுக்கு நடுவுல நிண்டா என்ன செய்வான்?" என்று மட்டுமே கேட்டார். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை நாங்கள் அடக்கம் செய்து அப்போது ஓராண்டு கூட முழுமையாகவில்லை. எங்கள் ஊரில் ஒரு தாய் தண்ணீரைப் பற்றிக் கேட்கும் கேள்வியை எவரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே காபரேட்டரைத் துணியில் சுற்றி ஒருபுறம் வைத்துவிட்டு, இருக்கும் எஞ்சினைச் சோதிக்கத் தொடங்கினோம். அமுக்கமானியைப் பொருத்தி இழுத்தபோது ஒரு சிலிண்டர் 78 காட்டியது, மற்றது 74. இரண்டும் அருகருகே இருந்தது நல்ல செய்தி. வளையங்களும் சுவர்களும் இன்னும் ஆரோக்கியமாக இருந்தன. ஆனால் இவ்வகை எஞ்சினில் 100ஐ ஒட்டி எதிர்பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டுமே ஒன்றுபோலக் குறைந்திருந்தன. சிலிண்டர் தலையைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கேஸ்கட்டுகள் போடப்பட்டிருந்தன.

அது பழைய மண்ணெண்ணெய் வைத்தியம். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகக் குறைவு. பெற்றோலுக்கென்று அமைந்த அமுக்கத்தில் அதை எரித்தால் தீ ஒழுங்காகப் பரவாமல் வெடித்துத் தட்டும். அந்தத் தட்டல் நீடித்தால் பிஸ்டனின் தலையில் ஓட்டை விழும். அதைத் தவிர்க்க அமுக்கத்தைக் குறைப்பார்கள்; எஞ்சினின் வலுவும் கூடவே குறையும். பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலுக்குத் திரும்புவதும் எங்கள் கரையோரத்தில் எல்லோருக்கும் பழக்கமான காரியம். விலை வித்தியாசம் பெரிதாக இருந்த காலத்தில் இதையெல்லாம் பொறுத்துக்கொள்வதில் கணக்கு இருந்தது. ஆனால் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. அதே நாட்களில் 92 ஒக்டேன் பெற்றோல் 450 ரூபாய். முன்பு ஐந்தில் ஒரு பங்காக இருந்த விலை நான்கில் மூன்று பங்காகிவிட்டது. அதற்காக எஞ்சினின் வலுவில் ஒரு பெரும் பகுதியை விட்டுக்கொடுப்பதில் இனி என்ன பொருள்? ஒரே கேஸ்கட்டைப் போட்டுப் பெற்றோலுக்குத் திரும்பினோம். இயந்திரத்தில் நாங்கள் செய்த மிகப் பெரிய மாற்றம் இதுதான். உண்மையில் ஒரு பழைய மாற்றத்தை அகற்றியதே இது.

மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டே தலையையும் தேய்க்கச் சொல்கிற சிலர் இன்னமும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்பவரை உங்கள் மோட்டாரின் அருகே விடாதீர்கள்.

தீப்பொறியைச் சரிசெய்ய ஒரு முழு நாள் பிடித்தது. பறக்கும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றக் கூடாது. அதற்குரிய இழுவையைக் கொண்டே கழற்ற வேண்டும். அடியில் இருந்த பொயின்ற்களின் முகம் கருகியிருந்தது. சுருள்களில் ஒன்று வெடித்திருந்தது. பொயின்ற் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு, அதாவது அரை மில்லிமீற்றருக்கு வைத்தபோது, மருமகன் முதன்முறையாகக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர்ப் பம்பின் இரப்பர் இதழ்கள் வளைந்தபடியே கல்லாகியிருந்தன. பதினொரு ஆண்டுகள் ஒரே நிலையில் கிடந்தால் வேறெப்படி இருக்கும்? இவற்றில் எதுவும் வேகம் தேடிச் செய்த வேலை இல்லை. ராத்தாவின் கேள்விக்கான பதில் அவற்றில்தான் இருந்தது.

வேகம் தேடிய வேலை முழுவதும் எஞ்சினுக்கு வெளியே நடந்தது. முதலாவது, மோட்டார் தொங்கும் உயரம். விசிறிக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ, அதைவிட ஓர் அங்குலம் அளவு தாழ்ந்தோ இருக்க வேண்டும். எங்கள் படகில் அது மூன்று அங்குலம் தாழ்ந்து கிடந்தது. வலுவின் ஒரு பங்கு, அந்தக் காலைத் தண்ணீருக்குள் இழுத்துச் செல்வதிலேயே கரைந்துகொண்டிருந்தது. பின்பலகையின் மேல் வைரமான மரத்துண்டு ஒன்றை வைத்து இரண்டு அங்குலம் உயர்த்தினோம். அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் விசிறி காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும். குளிர்நீர் நுழையும் துளைகளும் வெளியே தெரிந்து எஞ்சின் கொதிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அரை அங்குலமாகவே உயர்த்திச் சோதித்தோம்.

இரண்டாவது, சாய்வு. காலைத் தாங்கும் ஊசியை ஒரு துளை மாற்றிப் போட்டதும் மூக்கைத் தண்ணீரில் புதைத்துக்கொண்டு ஓடிய படகு நிமிர்ந்துகொண்டது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மூன்றாவது, விசிறி. என் மருமகன் முற்றிலும் நம்ப மறுத்ததும், பின்னர் எல்லோரிடமும் சொல்லித் திரிவதும் இதைத்தான். பழைய விசிறியின் பிட்ச் 10 அங்குலம். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு சுற்றில் அது 10 அங்குலம் முன்னேற வேண்டும் என்பதே அதன் பொருள். தண்ணீர் மரமல்ல, எப்போதும் வழுக்கும். ஒருவரிடமிருந்து சுழற்சிமானி வாங்கி அளந்தோம். மூன்று பேர், வலை, ஐஸ்பெட்டி எல்லாவற்றோடும் முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3,900 சுற்றைத் தாண்டவில்லை. கியர் 2.42க்கு 1 என்பதால் விசிறி ஏறத்தாழ 1,610 சுற்று. கணக்குப்படி மணிக்கு 24 கிலோமீற்றருக்கு மேல் போயிருக்க வேண்டும். கைபேசி காட்டியதோ 11. பாதிக்கு மேல் வழுக்கலில் போய்க்கொண்டிருந்தது. ஓரங்கள் மடிந்த பழைய விசிறியும் அதற்குத் துணைபோனது.

8 அங்குல பிட்ச் உள்ள விசிறியைப் போடுவோம் என்றேன். "சின்னதப் போட்டா வேகம் குறையுமே மாமா" என்றான். பாரமேற்றிய சைக்கிளை மேட்டில் ஏற்றும்போது எந்தப் பல்லுக்கு மாற்றுவாய் என்று கேட்டேன். சரி, பார்ப்போம் என்று அரை மனதோடு இணங்கினான்.

படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி, தண்ணீர் குடித்து ஊறிப்போன பழைய மிதவைப் பஞ்சை அகற்றி, எல்லா மாற்றங்களோடும் மீண்டும் கொட்டியாரக் குடாவில் இறக்கினோம். அதே மூன்று பேர், அதே வலை, அதே பெட்டி. எஞ்சின் 5,100 சுற்று தொட்டது. அந்த மோட்டாருக்கு உரிய எல்லைக்குள்தான் அது. விசிறியின் கணக்குப்படி 25 கிலோமீற்றர் சொச்சம். படகு ஓடியது 19. கணக்கு வேகம் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றே என்பதைக் கவனியுங்கள். வழுக்கலில் வீணானது பாதிக்கு மேலிருந்து கால்வாசிக்கு வந்துவிட்டது. முன்பு ஒரு முழுப் பயணத்துக்கு 14 லீற்றர் மண்ணெண்ணெய் குடித்த மோட்டார் இப்போது 10 லீற்றர் பெற்றோலில் திரும்பியது. அன்றைய விலையில் 4,760 ரூபாய் போன இடத்தில் 4,500 ரூபாய். சேமிப்பு சிறியதுதான். ஆனால் ஓடும் நேரம் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகிவிட்டது.

இதன் பிறகும் அந்தப் பெரிய காபரேட்டரை அவன் மறக்கவில்லை. பூட்டினால் வலு கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடுதல் வலு மேல் சுற்றுகளில்தான் கிடைக்கும். வலை இழுக்கும் படகுக்குத் தேவை கீழ்ச் சுற்றுகளின் உந்துதல். ஐம்பது வயதை நெருங்கும் தண்டுகளையும் பேரிங்குகளையும் இன்னும் ஆயிரம் சுற்று மிகையாகச் சுழற்றினால் எத்தனை பருவம் தாங்கும்? உதிரிப்பாகங்களின் நிலையையும் எண்ண வேண்டும். ஜோன்சன் என்ற பெயரில் மோட்டார் வருவது நின்று பல ஆண்டுகளாகிவிட்டன. அதன் உடன்பிறப்பான எவின்ரூட்டின் உற்பத்தியும் 2020இல் நிறுத்தப்பட்டது. மாரியில் குடா எப்படிக் கொந்தளிக்கும் என்பதை இந்த ஊரில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 9.9க்குள் பெரிய காபரேட்டரைப் பூட்டி, 15 என்று எழுதிய மூடியைப் போட்டு, விவரம் சொல்லாமல் விற்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வாங்குபவன் தன் உயிரை அதில் ஏற்றிக்கொண்டு போகிறான். பொருளின் குறையை மறைத்து விற்பது ஹராம் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். மூடிக்குள் மறைத்தாலும் அது மறைத்தல்தான்.

மருமகன் இப்போது சுபுஹு தொழுதுவிட்டு இறங்குகிறான். பெரும்பாலான நாட்களில் சந்தை சூடேறுவதற்கு முன்பே கரை சேர்கிறான். படகில் இரண்டு துடுப்புகள், உதிரித் தீப்பொறிக் கட்டைகள், விசிறிக்கான மாற்று ஊசிகள் ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும் என்பது ராத்தாவின் கட்டளை. புறப்படும் முன் அவரே எண்ணிப் பார்க்கிறார். போன வாரம் கியர்ப் பெட்டியின் எண்ணெயைத் திறந்து பார்த்தோம். பால்போல வெளுத்திருந்தது. எங்கோ ஒரு சீல் தண்ணீரை உள்ளே விடுகிறது. வருகிற வெள்ளிக்கிழமை, கடலுக்குப் போகாத நாளில், ஜும்ஆவுக்குப் பிறகு அதைக் கழற்றவேண்டும்.