ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓடும் எச்சரிக்கை

பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறது என்று முன்னால் போகிறவருக்கு எவ்வளவு தூரத்தில் சொல்ல வேண்டும்? பல வருடங்களாக இந்தக் கேள்வியோடுதான் என் பொழுது போகிறது. ஆம்புலன்ஸில் பொருத்திய கருவி தன் இடம், வேகம், திசை மூன்றையும் விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள வண்டிகளின் திரையிலோ ஓட்டுபவரின் கைபேசியிலோ எச்சரிக்கை ஒலிக்கும். யாருக்கு ஒலிக்க வேண்டும், யாருக்கு ஒலிக்கக் கூடாது என்ற எல்லையை வகுப்பது என் பங்கு. அந்த எல்லை நொடிக்கு நொடி மாறும்.

சைரன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறார்கள். தூரம் இரு மடங்காகும் ஒவ்வொரு முறையும் சைரன் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஏற்றிய கார்க் கண்ணாடி இன்னும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஏசி இரைச்சலும் பாட்டும் சேர்ந்தால், வண்டி முதுகை ஒட்டி வந்த பிறகுதான் காதில் விழும். விழுந்தாலும் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. இருபுறக் கட்டடங்களிலும் மோதி எல்லாத் திசையிலிருந்தும் வருவது போலிருக்கும். 108 ஆம்புலன்ஸில் ஓட்டுநரைப் பைலட் என்பார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனால் ஒன்று புரியும். நேர்சாலையில் ஏறி இறங்கும் நீண்ட ஒலியை வைத்திருப்பவர், சிக்னல் நெருங்கும்போது துடிப்பான குறுகிய ஒலிக்கு மாற்றுவார். கட்டைவிரல் அசைவில், தனக்கு முன்னாலிருக்கும் எச்சரிக்கையின் தன்மையை அவர் மாற்றுகிறார். என் மென்பொருளுக்கு அவர்தான் ஆசான்.

வரைவதற்கு எளிது வட்டம். ஆம்புலன்ஸை நடுவில் வைத்து 300 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். அந்த வட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மீடியனுக்கு அந்தப் பக்கம் எதிர்த்திசையில் போகிறவர், சர்வீஸ் ரோட்டில் நிற்பவர், பக்கத்துத் தெருவில் கறிகாய் வாங்குகிறவர், ஏற்கெனவே வழிவிட்டுப் பின்தங்கிவிட்டவர். அத்தனை பேருக்கும் மணி அடிக்கும். ஆம்புலன்ஸ் மட்டும் வராது. இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை கண்ணாடியைப் பார்க்க மாட்டார். வராத இடத்தில் ஒலிக்கும் ஒவ்வொரு எச்சரிக்கையும், வரும் இடத்து எச்சரிக்கையின் நம்பிக்கையைக் குறைக்கிறது. எதை ஒலிக்காமல் விடுகிறோம் என்பதில்தான் இந்தத் தொழிலின் கண்ணியம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே எல்லையைச் சாலை போகும் போக்கில் முன்னோக்கி நீட்டுகிறோம். நீளத்தை மீட்டரில் யோசிக்கக் கூடாது, நொடியில் யோசிக்க வேண்டும். கேட்டு, கண்ணாடி பார்த்து, புரிந்து, இடப்பக்கம் இடைவெளி தேடி ஒதுங்க ஒருவருக்குப் 10 நொடி என்று வைப்போம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆம்புலன்ஸ் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். 170 மீட்டருக்கு முன்பே சொல்லியாக வேண்டும். வேகம் கூடினால் எல்லை நீளும், குறைந்தால் சுருங்கும். கணக்கு அழகாக இருக்கிறது.

மாலை ஆறு மணிக்குச் சென்னை வடபழனியில் அந்தக் கணக்கு உடைந்துபோகும். 15 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 4 மீட்டர். சூத்திரப்படி 40 மீட்டர் போதும். ஆனால் நெரிசலில் பத்து நொடியில் யாராலும் நகர முடியாது. இடப்பக்கம் ஸ்கூட்டர், அதை ஒட்டி ஆட்டோ, அதற்கு முன்னால் நிறுத்தத்தில் நிற்கும் மாநகரப் பேருந்து. பைலட் ஒருவர் என்னிடம் சொன்னார்: “வழி விடணும்னு எல்லாருக்கும் மனசு இருக்கு சார். நகர இடம்தான் இல்ல.” ஆம்புலன்ஸ் மெதுவாகும்போது எல்லை நீள வேண்டும் என்பது அந்த வார்த்தையில் இருக்கிறது. அதனால் ஆம்புலன்ஸின் வேகத்தோடு, முன்னால் நிற்கும் வண்டிகளின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம். வரிசையின் வாலில் நிற்பவரை விரட்டிப் பயனில்லை. சிக்னலில் வரிசையின் தலையில் நிற்பவருக்கு முதலில் தெரிய வேண்டும். அவர் நகர்ந்தால்தான் அடுத்தவருக்கு இடம் பிறக்கும்.

2008 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்த ஒரு சிறுவனின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குக் கொண்டுபோனதைச் சென்னை மறந்திருக்காது. போக்குவரத்துக் காவலர்கள் வழியிலிருந்த சந்திப்புகளை முன்கூட்டியே திறந்துவைத்ததால் ஏறக்குறைய 11 நிமிடத்தில் இதயம் போய்ச் சேர்ந்தது. வண்டிக்கு முன்னால் வழி ஓடியது. அன்று ஒரு பயணத்துக்காக அத்தனை பேர் தெருவில் நின்றார்கள். நெஞ்சுவலியோடு போகும் ஒவ்வொரு சாதாரணப் பயணத்துக்கும் அந்த வழி கிடைக்க வேண்டும் என்பதே என் ஆசை.

கத்திப்பாரா மேம்பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வரைபடத்தில் ஒரே புள்ளியில் மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை. ஜிபிஎஸ் கிடைமட்டத்தில் சில மீட்டர் பிசகும், உயரத்தில் அதைவிட மோசம். பாலத்தின் மேல் போகும் ஆம்புலன்ஸுக்காகக் கீழே போகிறவர் ஒதுங்கக் கூடாது. எந்த வளைவில் ஏறியது என்ற பாதை நினைவு கைகொடுக்கிறது. காற்றழுத்தமும் உதவுகிறது: 8 மீட்டர் ஏறினால் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு அளவு காட்டுவதால், கடைசி ஒரு நிமிடத்தில் எவ்வளவு மாறியது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

நின்றுவிட்ட ஆம்புலன்ஸுக்கு எல்லையைத் திருப்பிப் போட வேண்டும். இரவில் நெடுஞ்சாலை ஓரம் அடிபட்டவரை ஏற்றும்போது ஆபத்து பின்னாலிருந்து வருகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 28 மீட்டர் கடக்கும். இங்கே நீளத்தைத் தீர்மானிப்பது அந்தக் காரின் வேகம்.

எல்லைக்குப் பின்னால் ஒரு வாலும் தேவை. முதல் வண்டி கடந்ததும் எல்லோரும் சாலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பின்னால் தீயணைப்பு வண்டியோ இன்னொரு ஆம்புலன்ஸோ வந்தால் அதன் முன்னாலேயே பாய்கிறார்கள். இரண்டையும் ஒரே தொடராகக் கருதி, இரண்டாவது கடக்கும் வரை எச்சரிக்கையை அணைக்காமல் வைக்கிறோம்.

“உள்ளே யாருமே இல்லையே, எதுக்கு சைரன்?” என்ற பேச்சு எனக்கு வலிக்கும். காலி வண்டி நோயாளியைத் தேடிப் போகிறது. அந்த நிமிடங்களும் உயிருக்கான நிமிடங்கள்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் வந்த 194E பிரிவு, வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. தண்டிப்பதற்கு முன் அவருக்குத் தெரிவித்தோமா என்பதே என் கவலை.

இப்போது மேசையில் இருப்பது இருசக்கர வண்டிக்காரரின் பிரச்சினை. அவர் முன்னால் திரை இல்லை, கைபேசி பாக்கெட்டில், காது ஹெல்மெட்டுக்குள். கைப்பிடியில் இடப்பக்கம் மட்டும் அதிரும் ஒரு சிறு கருவியைச் சோதித்துப் பார்க்கிறோம். நம் குண்டும் குழியுமான தெருக்களின் அதிர்விலிருந்து அது தனித்துத் தெரிய எத்தனை நொடி இடைவெளியில் அதிர வேண்டும் என்பதில் வந்து நிற்கிறோம்.