மாயவரம் ஜங்ஷன்

நடைமேடையின் இரண்டு முனைகளிலும் அந்த மஞ்சள் பலகை நிற்கும். கறுப்பு எழுத்தில் மூன்று மொழிகளில் ஊர்ப்பெயர். ஓரத்தில் பொடியாக, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற கணக்கு. காவிரிக் கடைமடையில் அது சொல்லிக்கொள்ளும்படியான எண் அல்ல. ஊட்டி ஸ்டேஷனில் அதே இடத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டிய எண்ணைப் பிற்பாடு பார்த்தபோது, எங்கள் ஊரை மட்டம் தட்டிவிட்டதாக எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது.

1982-இல் ஊர் மயிலாடுதுறை ஆயிற்று. பலகையும் மாறியது. அப்பாயிக்கு இதனால் ஒன்றும் குடி முழுகவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது, சாகும்வரை மாயவரம்தான். ஆனாலும் ஜங்ஷனில் அவள் யாரிடமும் வழி கேட்டு நான் பார்த்ததில்லை. குடிதண்ணீர்க் குழாய், மேம்பாலப் படி, வரிசையாகத் தொங்கும் சிவப்பு வாளிகள் என்று அவளுக்கு வேறு அடையாளங்கள். தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கும் மணி கேட்டதும் மூட்டையைத் தூக்கிவிடுவாள். தரங்கம்பாடி வண்டிக்கு அவள் போட்ட கணக்கு தப்பியதே இல்லை. அந்த ரயில் 1986-இல் நின்றுபோனது.

வாளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீயணைக்க மணல் நிரப்பி மாட்டியிருப்பார்கள். அடிப்பாகம் உருண்டையாக இருக்கும். தரையில் வைத்தால் சாய்ந்துவிடும். வீட்டுக்கு எடுத்துப்போய்த் தண்ணீர் பிடிக்க உதவாது. 'திருடாதே' என்று ஒரு வார்த்தை எழுதாமல் திருட்டைத் தடுத்த அந்தப் பெயர் தெரியாத ஆசாமி மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கும் பெரிய பெருக்கல் குறியும் அந்த ஜாதிதான். அது கண்ணில் பட்டால் வண்டி முழுசாக வந்து சேர்ந்தது என்று அர்த்தம். நடுவழியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை.

எனக்குப் பழைய தமிழ் எழுத்து பழகியதும் அங்கேதான். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்துவிட்டது. பள்ளிப் புத்தகத்தில் 'லை', 'னை' எல்லாம் புது உருவத்தில் இருந்தன. ஸ்டேஷன் சுவரில், தண்டனைக்குரியது என்று மிரட்டும் பலகையில், 'னை' இன்னும் யானைத் துதிக்கையைத் தூக்கிக்கொண்டே நின்றது. பெயின்டர் கையால் எழுதிய எழுத்து. சுழியில் ஒரு சொகுசு தெரியும். எச்சில் துப்பாதே என்பதைக்கூட அத்தனை அழகாக எழுதியிருந்தார்கள். பக்கத்திலேயே வெற்றிலைச் சாறு வழிந்திருக்கும், அது வேறு விஷயம்.

எடை மிஷினை மறக்க முடியுமா? கலர் பல்புகள் சுற்றிச் சுற்றி எரியும். காசு போட்டால் டிக்கெட் மாதிரி ஓர் அட்டை விழும்: எடையோடு ஜோசியமும் உண்டு. ஜோசியத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள் அப்பாயி. எடையை ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு அகலப் பாதை வந்தது. வாளிகளும் எடை மிஷினும் போயின. இப்போது எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று மின் பலகை காட்டுகிறது. அது பெரிய உபகாரம். பெட்டி தேடி வயதானவர்கள் மூச்சிரைக்க ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். பழையதெல்லாம் பொன் என்று பாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த ஸ்டீல் இருக்கைகளை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆளுக்கு ஆள் நடுவே ஒரு கைப்பிடி. பார்த்தால் வசதிபோல் இருக்கும். படுக்க முடியாது என்பதுதான் காரியம். அந்தக் காலத்து நீள சிமென்ட் பெஞ்சில் ஒரு குடும்பமே சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, நள்ளிரவு வண்டி வரும்வரை குழந்தைகளைக் கிடத்தியிருக்கும். இப்போதும் நள்ளிரவு வண்டிகள் உண்டு, குழந்தைகளும் உண்டு. தரையில் துண்டை விரித்துப் படுக்க வைக்கிறார்கள்.