கல்தச்சரின் முகம்

1/ போன வாரம் கீழ்பென்னாத்தூர் கிளினிக்குக்கு ஒரு கல்தச்சர் வந்தார். ஆறு மாசமா இருமல், மூச்சிரைப்பு. எக்ஸ்ரேவில் சிலிகோசிஸ். கல்தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகும் நோய்.

2/ "எத்தனை சிலை செஞ்சிருப்பீங்கய்யா?"
"கணக்கில்ல சார். எதுலயும் நம்ம பேர் இருக்காது."

3/ 1630களில் ஆண்ட்வெர்ப் ஓவியர் வான் டைக், புகழ்பெற்றவர்களின் முகங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட வைத்தார். அரசர், தளபதிகளோடு ஓவியர்களும் சிற்பிகளும் அதில் உண்டு. தகடு செதுக்குற பவுலஸ் பொன்டியஸின் முகத்தை அவரே தகட்டில் வரைந்தார். படத்தின் அடியில் பேரும் தொழிலும் இருக்கும்.

4/ அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே நம்ம பக்கம் இது நடந்திருக்கு. கிருஷ்ணதேவராயர் காலத்து சிதம்பரம் வடக்கு கோபுரத்தில், அதைக் கட்டிய தச்சர்களின் உருவங்கள் பேரோடு இருக்கு. விருத்தாசலம் தச்சர் ஒருவர், அவர் மகன் விசுவமுத்து...

5/ இதைச் சொன்னதும் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "பையனும் கூடவே இருக்கானா சார்?"ன்னு கேட்டார். அவர் மகனுக்கும் இதே தொழில்தான்.

6/ சிலிகோசிஸை குணமாக்க முடியாது, தடுக்கலாம். தண்ணி விட்டு வெட்டுங்க. துண்டு கட்டினா போதாது, என்95 மாஸ்க் போடுங்க. டிபி வர வாய்ப்பு அதிகம். ரெண்டு வாரம் இருமல் நீடிச்சா சளி டெஸ்ட் எடுங்க.

7/ மகனை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்.